பிறந்து 5 மாதம், தலை இன்னும் நிற்கவில்லை: அந்த முதல் பரிசோதனை என்ன சொன்னது?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் 30 வாரத்தில், 1250 கிராம் எடையோடு பிறந்தாள். ஏழு வாரம் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு டாக்டர் டார்ச் அடித்து, கிலுகிலுப்பை ஆட்டி, சிவப்புப் பந்து காட்டி அரை மணி நேரம் பரிசோதித்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில், "நடத்தைப் பரிசோதனை: கவனம் சுமார், தசை இறுக்கமும் அசைவும் குறைவு, சீக்கிரம் களைத்துப்போகிறாள், தொடர்ந்து பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. மூளை ஸ்கேனில் முதல் நிலை ரத்தக்கசிவு. இப்போது 5 மாதம் முடிந்துவிட்டது, தலை நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் அதே வாரம் பிறந்த குழந்தை குப்புற விழுகிறது. "அந்தப் பரிசோதனையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதா? என் பெண் நடப்பாளா?"

முதலில் வயதைச் சரியாகக் கணக்குப் போடுவோம். உங்கள் பெண் பிறந்து 22 வாரம் ஆகிறது. ஆனால் அவள் 10 வாரம் முன்னதாக வந்தவள். 22-இல் 10 போனால் 12. அசைவையும் வளர்ச்சியையும் பொறுத்தவரை அவளுக்கு வயது 12 வாரம், அதாவது மூன்று மாதத்துக்கும் குறைவு. திருத்திய வயது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரண்டு வயது முடியும்வரை இந்தக் கணக்குதான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

12 வாரக் குழந்தைக்குத் தலை முழுதாக நிற்காதது தாமதமே இல்லை. நான்கு மாதத்தை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலை உறுதியாக நிற்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை மாதம் நிறைந்து பிறந்திருந்தால், உங்கள் பெண்ணைவிட நிஜத்தில் பத்து வாரம் மூத்தது. நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஒரு வயதை ஒட்டி வருகை என்று பருவம் பிரித்திருக்கிறார்களே, அந்த மாதங்களை உங்கள் வீட்டில் டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். யார் கேட்டாலும் "இவளுக்கு இப்போது மூணு மாசம்" என்றே சொல்லுங்கள். வீட்டில் பாதி பதற்றம் அதிலேயே அடங்கிவிடும்.

சரி, அந்த டார்ச் விளக்குப் பரிசோதனைக்கு வருகிறேன்.

நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் அது பிரேசல்டன் அளவுகோல், அல்லது அதன் வழிவந்த ஒன்று. பாஸ்டனில் குழந்தை மருத்துவராக இருந்த டி. பெர்ரி பிரேசல்டன் 1973-இல் வெளியிட்டது. பிறந்த குழந்தை சும்மா படுத்திருக்கும் உயிர் இல்லை, அது பார்க்கிறது, கேட்கிறது, பிடிக்காததை விலக்குகிறது, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்பதை அளந்து காட்டவே அவர் அதைச் செய்தார். அதற்கு முன் குழந்தைகளைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அனிச்சைச் செயல்களை வைத்துத்தான்: உள்ளங்கையைத் தொட்டால் பிடிக்கிறதா, தலையைச் சற்றுத் தளரவிட்டால் கையை விரித்து அணைக்கிறதா என்பவை மட்டும்.

தூங்கும் குழந்தையின் மூடிய கண் மேல் டார்ச் ஒளி படும். முதல் தடவை உடம்பு அதிரும், இரண்டாம் தடவை கொஞ்சம் அசையும். ஏழாம் எட்டாம் தடவைக்குள் நன்றாக இருக்கும் குழந்தை அதைப் பொருட்படுத்தாமல் தூங்கிவிடும். வேண்டாததை ஒதுக்கும் திறன் அது. கிலுகிலுப்பை, மணி எல்லாம் இதே காரணத்துக்குத்தான். பிறகு விழித்திருக்கும்போது சிவப்புப் பந்தையும் மனித முகத்தையும் கண்ணால் தொடர்கிறதா, மனிதக் குரலுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கையைப் பிடித்து மெல்ல உட்கார வைக்கும்போது தலை எவ்வளவு பின்தங்குகிறது, முகத்தில் மெல்லிய துணி போட்டால் கை அதை நோக்கி வருகிறதா, அழுதால் எப்படிச் சமாதானமாகிறது, நிறம் மாறுகிறதா, நடுங்குகிறதா என்று எல்லாவற்றையும் குறிப்பார்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து முழு அழுகைவரை ஆறு நிலைகள் உண்டு. குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்பதும் கணக்கில் வரும்.

பிரேசல்டனின் அளவுகோல் முதன்மையாக மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கானது. குறைமாதக் குழந்தைகளுக்காக அவரோடு வேலை செய்த ஹைடலீஸ் ஆல்ஸ் 1982-இல் தனியாக ஒன்றை உருவாக்கினார். அவர் சொன்னது எனக்கு இன்றும் தினசரி வேலையில் உதவுகிறது. குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும் நிலைப்பட்டால்தான் அசைவு சீராகும். அசைவு சீரானால்தான் தூக்கமும் விழிப்பும் தெளிவாகப் பிரியும். அதற்குப் பிறகுதான் கவனம். கீழ்த்தளம் ஆடிக்கொண்டிருக்கும்போது மேல்தளத்தில் போய் "ஏன் பந்தைப் பார்க்கவில்லை" என்று கேட்க முடியாது. விரல்களை விறைத்து விரிப்பது, விக்கல், தும்மல், கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்வது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, இவையெல்லாம் அந்தக் குழந்தை "போதும், கொஞ்சம் விடுங்கள்" என்று சொல்லும் மொழி.

உங்கள் சம்மரியில் "சீக்கிரம் களைத்துப்போகிறாள்" என்றிருப்பதை நீங்கள் குறையாகப் படித்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அந்தத் தாளில் மிகவும் பயனுள்ள வரி. அவளை எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரே சமயத்தில் பாட்டும், கிலுகிலுப்பையும், ஐந்து முகங்களும் வேண்டாம். முகம் மட்டும் காட்டுங்கள், அல்லது குரல் மட்டும் கொடுங்கள். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டால் காத்திருங்கள், அவளே திரும்பி வருவாள். இப்படி நடந்தால் விழித்திருக்கும் நேரம் கூடும். விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் குழந்தை கையைக் காலை அசைத்துப் பழகுகிறது. நடத்தைக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு சாதாரணமானது.

மூளைக்குள்ளும் ஒரு தொடர்பு உண்டு. கருவில் 24 முதல் 32 வாரம்வரையான காலத்தில், நரம்பிழைகளுக்கு உறை போடப்போகும் இளம் செல்கள் மிக மென்மையான நிலையில் இருக்கும். ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் ஏறி இறங்கினாலோ, கிருமித் தொற்று வந்தாலோ முதலில் அடிபடுவது அவைதான். மூளையின் நடுவே நீர் நிற்கும் அறைகளை ஒட்டியே கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் இறங்குகின்றன. கைக்கு உரியவை கொஞ்சம் தள்ளிப் போகின்றன. அந்த இடம் பாதிக்கப்பட்டால் கைகளைவிடக் கால்கள் அதிகமாக இறுகுவது அதனால்தான். லண்டன் எலும்பு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-லேயே குறைப்பிரசவத்தையும் இந்தக் கால் இறுக்கத்தையும் இணைத்துப் பேசினார். உங்கள் பெண்ணின் ஸ்கேனில் உள்ள முதல் நிலைக் கசிவு பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மூன்றாம், நான்காம் நிலைக் கசிவோ, அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் சிறு குழிகளோ இருந்தால்தான் நாங்கள் மிகவும் கவலைப்படுவோம்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: டிஸ்சார்ஜ் சமயத்தில் எடுத்த மதிப்பெண் பிற்கால நடையைச் சொல்லுமா?

நூற்றுக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆரம்பத்தில் அசைவிலும் கவனத்திலும் குறைந்த மதிப்பெண் வாங்கிய கூட்டம், ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குகிறது. உண்மைதான். ஆனால் ஒரு தனிக் குழந்தையை, ஒரு நாள் பரிசோதனையை வைத்து, "இவள் நடக்க மாட்டாள்" என்று சொல்ல அது போதாது. அன்று ரத்தச்சோகை இருந்திருக்கலாம். கண் பரிசோதனை முடிந்த களைப்பு இருந்திருக்கலாம். வலிப்பு மருந்து கொடுத்திருந்தால் அதுவே குழந்தையைச் சோர வைக்கும். பிரேசல்டனே ஒருமுறை பார்ப்பதைவிடப் பல நாள் இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பார்த்து, குழந்தை எப்படி மீண்டு ஏறுகிறது என்ற கோட்டைப் பார்க்கச் சொன்னவர்.

நான் சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளுக்கான பிசியோதெரபி செய்கிறேன். ஆரம்ப வருடங்களில் திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு குழந்தை. திருத்திய வயதில் நான்கு மாதம், தொடைகள் இறுகி, முதுகு வில்லாக வளைந்தது. நான் பார்த்த பார்வையிலேயே அந்த அம்மா பயந்துவிட்டார். பத்து மாதத்தில் அந்த இறுக்கம் இருந்த இடம் தெரியவில்லை, பதினாறாம் மாதம் நடந்தான். குறைமாதக் குழந்தைகளில் முதல் வருடத்தில் வந்து தானாகவே மறையும் இறுக்கம் ஒன்று உண்டு என்று 1970-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நான் படித்திருந்தேன், ஆனாலும் அந்த அம்மாவிடம் சொல்லத் தவறினேன். அவர் தூங்காமல் கழித்த அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. இதற்கு நேர் எதிராக, டிஸ்சார்ஜில் எல்லாம் நன்றாக இருந்து, மூன்றாம் மாதம் ஏதோ குறைகிறது என்று தெரிந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

அந்த மூன்றாம் மாதம்தான் உங்களுக்கு இப்போது. இந்தச் சமயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய நரம்பியல் அறிஞர் குழந்தையைத் தொடாமலே ஒரு பரிசோதனை கொண்டுவந்தார். டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியைத் தாண்டி 9 முதல் 20 வாரம்வரை, விழித்து அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன வட்டமான அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். உதைப்பதும் கையை வீசுவதும் வேறு. இது அதற்கு நடுவே, மணிக்கட்டு சுழல்வது போல, தோள் நெளிவது போல, கணுக்கால் திரும்புவது போல எல்லாத் திசையிலும் நடக்கும் மெல்லிய துடிப்பு. அது இருந்தால் மிக நல்ல அறிகுறி. அறவே இல்லாவிட்டால் கவனிக்க வேண்டும். 130 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த அவருடைய குழு, 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டது. பின்னாளில் பிரச்சினை வந்த குழந்தைகளில் 95 சதவீதத்தினரை இந்த அசைவுகளை வைத்தே முன்கூட்டிக் கண்டுகொள்ள முடிந்தது. 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து தந்த வழிகாட்டுதலும், திருத்திய வயது ஐந்து மாதத்துக்கு முன்னால் பெருமூளை வாதத்தை (இளம் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அசைவு கெடுவது, ஆஸ்பத்திரியில் சி.பி. என்பார்கள்) கண்டுகொள்ள மூன்றைச் சொல்கிறது: இந்த அசைவுப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதில் 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், தனிக் கருவி ஏதும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சமயத்து நடத்தைப் பரிசோதனையைவிட இந்த மூன்றும் நடையைப் பற்றிப் பல மடங்கு தெளிவாகப் பேசும்.

அசைவுப் பரிசோதனைக்கான வீடியோவை நீங்களே போனில் எடுக்கலாம். பால் குடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும், பசியும் இருக்கக்கூடாது. பாயில் ஒரே நிறத் துணி விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். டயப்பரும் கையில்லாத பனியனும் போதும், நம் ஊர் வெயிலுக்கு அதுவே சௌகரியம். கை கால் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால் உறை, சாக்ஸ், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மேலிருந்து, தலை முதல் கால்வரை தெரிகிற மாதிரி மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுங்கள். கையில் பொம்மை வேண்டாம், வாயில் நிப்பிள் வேண்டாம், யாரும் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். எதையாவது உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் அந்த அசைவு நின்றுபோகும், அழுதாலும் அப்படித்தான். அழுத வீடியோவை அழித்துவிட்டு நாளை எடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நீங்களே அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் பார்க்க வேண்டும்.

எங்கே போவது என்றால், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் ஹை-ரிஸ்க் ஓ.பி.தான் முதல் இடம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு, கட்டணம் கிடையாது. பிற்பாடு தெரபி தேவைப்பட்டால் கோட்டூர்புரத்தில் 1985 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்பு இருக்கிறது, முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கண் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முடிந்துவிட்டதா என்று ஃபைலில் பாருங்கள். 34 வாரத்துக்கு முன்னால் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். பார்வை தெளிவாக இல்லாத குழந்தைக்குத் தலை தூக்க ஒரு காரணமே இருக்காது.

வீட்டில் என்ன செய்யலாம்? கருவறையில் கடைசி பத்து வாரம் இடம் நெருங்கி, குழந்தை சுருண்டு மடங்கிக் கிடக்கும். அந்த மடக்கம் உங்கள் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் குழந்தைகள் கையைப் பின்னால் விரித்து, தவளை மாதிரி காலைப் பரப்பிப் படுக்கிறார்கள். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் இரண்டு கையும் முன்னால் வந்து ஒன்றையொன்று தொடும். அவள் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவாள். முதலில் இரண்டு நிமிடம் போதும், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. பிறகு பாயில். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க, தட்டையான மெத்தையில்.

மாமியார் எண்ணெய் தேய்த்துவிடுகிறார் என்றால் தேய்க்கட்டும். தேங்காய் எண்ணெயில் மெல்லத் தடவுவது இந்தக் குழந்தைகளுக்கு நல்லது, அந்தக் கையின் கதகதப்பும் நல்லது. கை காலை இழுத்து முறுக்குவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவது, இந்த மூன்றும் கூடவே கூடாது. பெரியவர்களிடம் "இதெல்லாம் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்" என்று என்னைக் காரணம் காட்டிச் சொல்லுங்கள், சண்டை வராது. தூளியில் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைப்படலாம், நாள் முழுக்க அதிலேயே கிடந்தால் அசையவும் இடம் இருக்காது. அப்புறம், சக்கரம் வைத்த உட்காரும் வாக்கரை யார் பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடையை அது வேகப்படுத்தாது, நுனிக்காலில் உந்தத்தான் பழக்கும்.

திருத்திய வயதில் நான்கு மாதம் தாண்டியும் தலை தொங்கினால், கைவிரல்கள் எப்போதும் மூடியே இருந்தால், டயப்பர் மாற்றும்போது கால்கள் கத்திரி போல் பின்னிக்கொண்டால், ஒரு வயதுக்கு முன்னாலேயே ஒரே கையை மட்டும் நீட்டினால், ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

"நடப்பாளா" என்று நேராகக் கேட்டீர்கள். மேலை நாடுகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 28 முதல் 31 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்குப் பெருமூளை வாதம் வந்தது. அந்த 6 பேரிலும் பலர் நடக்கிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் கணக்கு கொஞ்சம் மாறலாம், ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நடப்பார்கள் என்பது மாறாது. ஆரம்பத் தெரபி மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அசைவில் அதனால் கிடைக்கும் முன்னேற்றம் சிறியதே என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. புரிதலிலும் கற்றலிலும் கிடைப்பது அதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சிறிய முன்னேற்றத்துக்காகவும் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

நடந்துவிட்டால் ஃபைலை மூடிவிடாதீர்கள். பெருமூளை வாதம் இல்லாத குறைமாதக் குழந்தைகளிலும் சிலருக்குப் பள்ளி போகும் வயதில் சட்டைப் பட்டன் போடுவதும், கத்தரிக்கோல் பிடிப்பதும், பந்து பிடிப்பதும் சிரமமாகத் தெரியும். ஆசிரியர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யு.கே.ஜி. வரை வருடம் ஒருமுறையாவது காட்டுங்கள்.

இந்த வாரமே வீடியோவை எடுத்துவிடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மூளை ஸ்கேன் ரிப்போர்ட், தலைச் சுற்றளவு குறித்த அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். அங்கே பார்ப்பவரிடம், இன்றைய தேதியும் திருத்திய வயதும் போட்டு, புதிய பரிசோதனையின் முடிவை அந்தப் பழைய வரிக்கு நேர் கீழே எழுதித் தரச் சொல்லுங்கள்.